புதன்கிழமை மத்தியான பஸ்

என் மகள் இடது பாதம் உள்பக்கம் திரும்பியபடி பிறந்தாள். மதுரையிலிருந்து ஒரு டாக்டர் புதன்கிழமை பிற்பகல் மட்டும் அருப்புக்கோட்டைக்கு வருவார். வாராவாரம் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கி மாவுக்கட்டுப் போடுவார். இடையில் விட்டால் கால் பழையபடி திரும்பிக்கொள்ளும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையோடுதான் அப்போது நான் தூங்கினேன், எழுந்தேன்.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. காலை பஸ் நரிக்குடியிலேயே நிறைந்துவிடும். கை காட்டினால் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். அறுபதுகளின் கடைசியில் பஸ் முதலாளி மத்தியானம் ஒரு நடை கூடுதலாக விட்டுப் பார்த்தார். எங்கள் ஊருக்குப் பன்னிரண்டரை மணி. எனக்கென்றே விட்டதுபோல இருந்தது.

ஆனால் புதனன்று பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகுகாலம். அந்த நேரத்தில் ஊரில் யாரும் பயணம் கிளம்ப மாட்டார்கள். மற்ற நாட்களில் கூட்டம் ஏறிய அதே பஸ்ஸில் புதனன்று நானும் குழந்தையும் மட்டும் ஏறுவோம். படித்தவள் இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொள்வேன். படியில் கால் வைக்கும்போது, பிள்ளை விஷயத்தில் துணிகிறோமே என்று குலசாமியையும் கும்பிட்டுக்கொள்வேன்.

ஒருநாள் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி, "வண்டி காத்தாடுதும்மா. புதங்கெழம நடைய நிறுத்திரலாம்னு மொதலாளி சொல்றாக" என்றார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். நெசவுக் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, எங்களோடு தமிழ். உதவி கேட்டுப் போகவில்லை. கேட்டதுபோல ஆகிவிட்டதோ என்று இன்றும் யோசிக்கிறேன். அக்கா ராட்டையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"ராகுகாலத்துல வீட்ட விட்டுக் கெளம்பத்தானே கூடாது? முன்னாடியே கெளம்பி பஸ் நிக்கிற எடத்துல போய் ஒக்காந்துக்கிட்டா? நம்ம பயணம் அப்பவே தொடங்கிருச்சுல்ல" என்றார்.

இத்தனை படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. அடுத்த புதன்கிழமை பதினோரு மணி தாண்டியதும் தெருவில் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. முட்டைக் கூடையோடு ஒருத்தி, முருங்கைக்காய்க் கட்டோடு ஒருத்தி, ஒன்றுமில்லாமல் தலைநிறையப் பூவோடு இரண்டு பேர். எல்லோரும் அக்காவோடு, பஸ் நிற்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். அன்று பஸ் ஒரு மணி தாண்டித்தான் வந்தது.

"என்னம்மா, மரத்தடியில பந்தியா?" என்றார் கண்டக்டர்.

"பந்திதாண்ணே. இனிமே நேரங்கழிச்சு வந்தீகன்னா எலையத் தூக்கிருவோம்" என்றார் அக்கா.

பஸ்ஸே சிரித்தது. ஆனால் அதன் பிறகு வண்டி நேரத்துக்கு வர ஆரம்பித்தது. வெயிலில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபின், டிரைவர் திருச்சுழியில் டீக்கடையை விட்டுச் சீக்கிரமே எழுந்துவிடுவாராம், கண்டக்டர்தான் சொன்னார்.

எல்லோருக்கும் வாராவாரம் டவுனில் வேலை இருந்திருக்க முடியாது. மத்தியானத் தறிவேலையை விட்டு வருகிறார்களே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அக்கா என் மகளின் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ காலு நேராகுறதுக்குள்ள கொட்டகையில வார படத்தையெல்லாம் பாத்து முடிச்சுரணும்டி" என்றார்.

நடை நிற்கவில்லை. மழைக்காலம் முடிந்து, கரிசலில் பருத்தி வெடித்த சமயம் கடைசிக் கட்டைப் பிரித்தார்கள். பாதம் நேராக இருந்தது. இனி வாராவாரம் வரவேண்டாம் என்றார் டாக்டர்.

அடுத்த புதன்கிழமை வீட்டில் உட்கார முடியவில்லை. வேலையில்லாமல் போனால் மாமியார் என்ன நினைப்பார், போகாவிட்டால் அங்கே ஒரு ஆள் குறையுமே என்று இரண்டு பக்கமும் யோசித்தேன். பன்னிரண்டு அடிக்குமுன் மகளைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். அக்கா நகர்ந்து இடம் விட்டார்.

"டாக்டரு வரச் சொன்னாரா?"

"இல்லக்கா. படத்துக்கு."