ஏழாவது ரவுண்டில் வழுக்கியவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கும் மாடிக் கட்டடங்களில் பாதி, இவர் கை பட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. அதற்காக இவரை யாருக்காவது தெரியுமா என்றால் தெரியாது. ஏழாவது ரவுண்டில் விழுந்தவர் என்றால்தான் தெரியும். "ஏழாம் ரவுண்டு வந்திருக்காரு, மெஷின் ரூம் சாவிய எடு" என்பார்கள் வாட்ச்மேன்கள். அந்தச் சண்டை நடந்தபோது அவர்களில் பாதிப் பேர் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

சண்டை நடந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கான குத்துச்சண்டை. லைட்டா, ஹெவியா, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். எழுபத்தொன்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான் என்றார். எதிரில் நின்றவர் சாம்பியன். பதினோரு முறை பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டவர். அவர் மேல் ஒரு குத்துகூட ஒழுங்காக விழுந்ததில்லை என்று பேர். பேப்பர்க்காரர்கள் அவருக்கு 'தொட முடியாதவர்' என்று பெயர் வைத்தார்கள், ஊரும் அப்படியே பிடித்துக்கொண்டது.

ஏழாவது ரவுண்டில் சாம்பியனின் இடது கை என் வீட்டுக்காரரின் காதுக்கு மேலே இறங்கியது. இவர் விழுந்தார். ஊர் உலகமெல்லாம் பார்த்தது இது. இவர் சொல்வது வேறு.

"அந்த ஆளு அடி என் மேல படவே இல்ல. கேன்வாஸ் ஈரமா இருந்துச்சு. வழுக்கிடுச்சு."

ஆறாவது ரவுண்டு முடிந்த இடைவேளையில் சாம்பியனின் ஆட்கள் ரிங் தரையில் விரித்த கேன்வாஸ் மேல் தண்ணீர் வாளியைத் தட்டிவிட்டார்களாம், சரியாகத் துடைக்கவில்லையாம். பெண் பார்க்க வந்த அன்றே இதை என் அப்பாவிடம் சொன்னவர் இவர். யாரும் கேட்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் சாம்பியனின் பிறந்தநாளுக்கு டிவியில் அந்தச் சண்டையைப் போடுவார்கள். இவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விழுகிற இடத்தில் நிறுத்தி, ஷூவைக் காட்டுவார். "பாரு, பாரு, கால் போகுது." எனக்கோ, அதற்கு முன்னாலேயே தலை பக்கவாட்டில் திரும்புவது நன்றாகத் தெரியும். சொன்னால் அன்று சாப்பாடு இறங்காது, அவருக்கும் சரி எனக்கும் சரி. ஆரம்பத்தில் சண்டை போட்டேன். அப்புறம், போகட்டும், மனுஷனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருந்துவிட்டுப் போகிறது என்று விட்டேன். விட்டது என் தப்பு.

போன வருஷக் கடைசியில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நான் யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் பட்டன் பிரிவுக்கு மேற்பார்வை. நாள் முழுக்க எத்தனையோ பேருடைய விரல்களைப் பார்க்கிறவள். அவர் சட்டைக் கையின் பட்டனோடு மல்லுக்கட்டிய முதல் காலையிலேயே என்ன ஆச்சு என்று கேட்டேன். தூக்கமில்லை என்றார். டீ அதிகமாகிவிட்டது என்றார். பிறகு ஒரு நாள் எட்டு மாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இவர் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது ஸ்பேனர் கைநழுவிக் கீழே போய்விட்டதாம். ஐந்து மாடி ஆழம். அன்று போனது ஸ்பேனர். நாளைக்குப் போகப்போவது யார் என்று நினைத்தால் எனக்குக் கம்பெனியில் வேலையே ஓடவில்லை.

இழுத்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போனேன். வெளியே ஒரு படிவம் கொடுத்தார்கள். தலையில் பலத்த அடி பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. இவர் கொட்டை எழுத்தில் 'இல்லை' என்று எழுதினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போகிற வரை பொறுத்தேன்.

"டாக்டர், இவரு எழுதினது பொய். இவரு பாக்ஸரு. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி சாம்பியன்கிட்ட…"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்கதானா அது? எங்க அப்பா அந்த ஃபைட்டை நேர்ல பார்த்தவரு சார். என்ன அடி அது." சொன்னதோடு விட்டாரா, மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று இடது கையைச் சுழற்றிக் காட்டினார்.

"அடி இல்ல. வழுக்கிடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். எழுந்து போய்விட்டார். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதக்கூட நேரமில்லை. படித்த டாக்டர், எதிரில் ஒரு நோயாளி கை நடுங்க உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சாம்பியனின் குத்துதான் பெரிதாகப் போய்விட்டது. இவர்களை என்ன சொல்லித் திட்டுவது.

பதினைந்து நாள் என்னோடு பேச்சு இல்லை. பதினாறாவது நாள் நானே ஆரம்பித்தேன்.

"ஸ்கேன் மட்டும் எடுத்துக்கலாங்க."

"அதுல என்ன தெரியும்?"

"அடி பட்டிருந்தா தெரியும்."

"படலேன்னா?"

"படலேன்னு தெரியும்."

"அதுதான் எனக்கே தெரியுமே. அப்புறம் எதுக்கு ஸ்கேன்?"

இந்த மனுஷனிடம் நான் கரடியாகக் கத்தினாலும் ஒன்றும் நடக்காது. அவருக்குத் தெரியாமல் அவருடைய லிஃப்ட் கம்பெனியில் சொல்லி வேலையை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். சொன்னால் என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். அவர் தினமும் பையை மாட்டிக்கொண்டு போனார். நான் தினமும் போன் மணி அடித்தால் நடுங்கினேன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு நடுக்கம்.

அப்போதுதான் சாம்பியன் செத்துப்போனார். இரண்டு வருஷமாக அவரை யாரும் வெளியே பார்க்கவில்லை. ஓய்வில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்விளையாட்டு அரங்கில் நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்து, அவரோடு மோதியவர்களில் உயிரோடு இருக்கிற எல்லோருக்கும் அழைப்பு அனுப்பினார்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம். இவர் வரமாட்டேன் என்பார் என்று நினைத்தேன். கோட்டை எடுத்துத் துடைக்கச் சொன்னார். நாலு பக்கத்துக்குப் பேச்சு எழுதினார். மூன்றாம் பக்கத்தில் கேன்வாஸின் படம், தண்ணீர் கொட்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

"செத்தவரு வீட்டுக்காரங்க முன்னாடி இதையா படிக்கப்போறீங்க?"

"வேற எப்பச் சொல்றது? இனிமே எல்லாரும் ஒரே இடத்துல உக்காருவாங்களா?"

தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினேன். அரங்கத்தின் வாசலில் கட்டட உயரத்துக்கு சாம்பியனின் படம், கீழே 'ஒரு அடியும் வாங்காதவர்' என்று எழுதியிருந்தது. பேசப்போகிறவர்களை மேடைக்குப் பின்னால் உடை மாற்றும் அறையில் உட்காரவைத்தார்கள். சுவரோரமாக இரும்பு அலமாரிகள், ஒரு நீள பெஞ்சு. சாம்பியனின் மனைவி எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் காபி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் கைக்கு வந்ததும் காபி தளும்பிக் கோட்டின் கையெல்லாம் கறையாகிவிட்டது. அந்த அம்மா இவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். கோப்பையை வாங்கி பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை மாசமா தம்பி?"

"எட்டு மாசம்" என்றேன் நான், இவர் வாயைத் திறப்பதற்குள்.

"தூக்கமில்ல அக்கா, அவ்வளவுதான். அன்னைக்கு அடியெல்லாம் ஒண்ணும் படல. கேன்வாஸ் ஈரமா…"

"அவரும் இப்படித்தான் தம்பி. நாலு வருஷம், டாக்டர்கிட்ட வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. ஸ்கேன் எடுத்தா வெளிய தெரிஞ்சிடுமாம். தொட முடியாதவருக்குத் தலைக்குள்ள காயம்னு பேப்பர்ல போடுவாங்களாம். கடைசியில நானே தூக்கிட்டுப் போனப்ப, முன்னாடியே வந்திருந்தா கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம்னு சொன்னாங்க. ஒரு வருஷமா என்னைப் பார்த்து, நீங்க யாரும்மான்னு கேட்டாரு." அந்த அம்மா வாசல் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அதைக் காப்பாத்துறேன்னுதான் போய்ச் சேர்ந்தாரு."

இவர் கோட்டுக் கையின் கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நாலாவது ரவுண்டுல நான் ஒண்ணு குடுத்தேன் அக்கா. வலது கையில. டிவியில அது சரியாத் தெரியாது."

"பட்டுச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, காதுல சத்தம் நிக்கவே மாட்டேங்குதுன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு."

இதை வேறு ஒரு நாள் கேட்டிருந்தால் என் வீட்டுக்காரர் தெருவைக் கூட்டியிருப்பார். இப்போது இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டார். மன்னிச்சிடுங்க அக்கா என்று அவர் சொன்னது எனக்கே சரியாகக் காதில் விழவில்லை.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். பேச்சுக் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "ஏழாவது ரவுண்டுல அவர் அடிச்ச அடி பட்டுச்சு. நான் வழுக்கல" என்றார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. விசில் வேறு. ஏதோ பரிசு அறிவித்த மாதிரி பக்கத்திலிருந்தவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இவர் "நாலாவது ரவுண்டுல…" என்று மேலே ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் கூட்டத் தலைவர் இவர் தோளைத் தட்டி மைக்கை வாங்கிவிட்டார். கைதட்டிய ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி, எதற்குக் கைதட்டுகிறீர்கள் என்று தெரிகிறதா என்று கேட்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

கூட்டம் முடியும் வரை இருக்கவில்லை. வெளிப்படிக்கட்டில் இறங்கும்போது அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். இந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைக்க நான் படாத பாடு இல்லை. வந்துவிட்டது. சந்தோஷம் துளிக்கூட இல்லை, பயம்தான் இருந்தது. நிஜமாகவே வழுக்கி விழுந்திருந்தால் அந்தக் கை இப்படி ஆடாதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

"கேன்வாஸ் ஈரமாத்தாங்க இருந்துச்சு" என்றேன். "நான்தான் வீம்புக்குச் சொல்லாம இருந்தேன். உங்க ஷூ வழுக்குறது நல்லாவே தெரியுது."

அவர் நின்றார்.

"நீயும் ஆரம்பிச்சிடாதே" என்றார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். அங்க போய் நான் மறுபடி வழுக்கிடுச்சுன்னு சொன்னாலும் சொல்வேன். நீ விடாதே."

விடமாட்டேன் என்றேன்.