சாணைக்குப் போன கத்தரி

கட்டிங் மாஸ்டர் மனநல மருத்துவமனையிலிருந்து எங்கள் தையல்கடைக்குத் திரும்பிய அன்று, அவர் மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். கத்தரி மட்டும் இல்லை.

"சாணைக்குக் குடுத்திருக்கேன் மாஸ்டர். வந்துரும்," என்றார் முதலாளி, துணிக்கட்டைப் பார்த்தபடி.

ஒருவர் கத்தரியை இன்னொருவர் தொடமாட்டோம். கை மாறினால் வெட்டு கோணும் என்பது தொழில் பேச்சு. மாஸ்டருடையது கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அவர் கட்டைவிரலுக்கென்றே தேய்ந்துபோனது. அவர் யார்மேலும் கை ஓங்கியதில்லை. தூக்கம் போயிற்று, பேச்சு நின்றது, குளிக்க மறந்தார். அவ்வளவுதான் நோய். வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லி அனுப்பியிருந்தார்.

மாஸ்டர் சாக்பீஸால் கோடு போட, முதலாளியின் மச்சான் வந்து வெட்டினார். மீதி நேரம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்தார், நூலைப் பல்லால் கடித்து.

"போன இடத்துல என் கத்தரி கல்யாணம் பண்ணிக் குடித்தனமே வெச்சிருச்சு போல தம்பி," என்பார். சிரிப்போம். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிடும்.

ஒருநாள் சாணைக்காரர் தெருவில் வந்தார். மாஸ்டர் இறங்கிப் போய்க் கேட்டார். "உங்க கடையிலேர்ந்து எதுவும் வரலையே," என்றது எங்களுக்கும் கேட்டது.

மறுநாள் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம், "முதலாளிகிட்ட நீதான் சொன்னியா?" என்றார். அக்கா டிபன் மூடியைத் திறந்து மூடினாள்.

"வீட்லயும் கத்தியக் காணோம். பக்கத்து வீட்ல போய்க் காய் நறுக்கிட்டு வர்ற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் என்னங்க பண்றது?"

பள்ளிச் சீருடை ஆர்டர் குவிந்த நேரம் பார்த்து மச்சான் காய்ச்சலில் படுத்தார். வேறு வழியில்லாமல் முதலாளி தன் மேசை இழுப்பறையைத் திறந்தார். கத்தரி அதில்தான் இருந்தது. துருகூட இல்லை.

மாஸ்டர் விரலை நுழைத்தார். துணி விரிந்து கிடந்தது. மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. நான் உட்பட எல்லோரும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் பார்த்தார். பிறகு கத்தரியை மெல்லக் கீழே வைத்தார்.

"வேணாம் முதலாளி."

"ஏன் மாஸ்டர்?"

"இத்தன பேரு பயப்படுறீங்க. ஒண்ணும் இல்லாமயா பயப்படுவீங்க?"

பித்தான் டப்பாவோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, வேலை முடிஞ்சதும் இந்த ஊசியையும் நீயே வாங்கி வெச்சுக்க."