மீட்டருக்கு மூளை கெடவில்லை

என் படிப்பு நாலாம் வகுப்போடு முடிந்தது. ஆனாலும் இந்த ஊரில் எரிந்துபோன மோட்டார் எதுவும் என் பட்டறைக்கு வந்தால்தான் மறுபடி ஓடும். ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவன் நான். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் என் மச்சினனைப் பற்றிச் சொல்ல முடியும். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது நான்தான். அவன் அதை ஒத்துக்கொள்ள மாட்டான். ஒத்துக்கொள்ளாமலே முப்பத்தாறு வருடம் என்னோடு ஓட்டிவிட்டான்.

அவன் என் மனைவியின் தம்பி. எனக்கு அவனைப் பிடிக்காது, அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. சாப்பாட்டு டப்பாவைக்கூட எனக்கு முதுகைக் காட்டித்தான் திறப்பான். ஆனால் மோட்டாருக்குக் காயில் சுற்றுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை ஒரு நாளும் நான் அவனிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மோட்டாருக்குள் செப்புக் கம்பியைச் சுருள் சுருளாக இறக்க வேண்டும். ஒவ்வொரு சுருளுக்கும் இத்தனை சுற்று என்று உண்டு. கைப்பிடி வைத்த சின்ன மெஷினில் அதைச் சுற்றுவோம். எண்ணிக்கை காட்டும் டயல் என்றோ உடைந்துவிட்டது. நான்தான் ஒரு பித்தளைத் தகட்டைப் பொருத்தினேன். கைப்பிடி ஒரு சுற்று வந்ததும் தகட்டைத் தட்டி ‘டிக்’ என்னும். மச்சினன் கண்ணைக் கம்பியிலும் காதைத் தகட்டிலும் வைத்து எண்ணுவான். நடுவில் யாராவது வம்புக்கு இழுத்தால் திருப்பிக் கொடுப்பான். எண்ணிக்கை மட்டும் தப்பாது. அதனால் பட்டறையில் அவன் பெயர் மீட்டர்.

போன வருடம் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்துத் தண்ணீர் மோட்டார், மாட்டிய மூன்றாம் நாளே புகைந்து திரும்பி வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. பிறகு மூன்றாவது. பிரித்துப் பார்த்தேன். ஒரு சுருளைப் போல இன்னொரு சுருள் இல்லை. வாசலில் நின்று அந்தக் கட்டிடத்து மேனேஜர் கத்துகிறான். என் பட்டறை வாசலில் இதுவரை ஒருவன் குரலை உயர்த்தியதில்லை.

“என்னடா மீட்டர், எண்ண மறந்துட்டியா?”

“சரியாத்தான் அத்தான் சுத்தினேன்.”

“சரியா சுத்துனது ஏன்டா எரியுது? உங்கம்மாவுக்கு வந்த மாதிரி உனக்கும் மூளை கழண்டுடுச்சா?”

வேலைக்காரர்கள் நாலு பேரும் அந்த மேனேஜரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மாமியார் கடைசி ஆறு வருடம் பெற்ற மகனையே பார்த்து, “நீங்க யாரு, பைப்பு சரி பண்ண வந்தீங்களா?” என்று கேட்டவர். குளிப்பாட்டி, ஊட்டி, அவரைப் பார்த்துக்கொண்டவன் இவன்தான். அதிலேயே கல்யாண வயது போயிற்று. தனக்கும் அது வந்துவிடுமோ என்பது ஒன்றுதான் அவனுடைய பயம். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவன் கையைத் துடைத்தான். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். “வாயா அது? அவன் பயந்துபோய் ஏதோ மூளை சென்டர்ல சேர்ந்துருக்கான். கூடப் போயிட்டு வாங்க. பேசாம மட்டும் இருங்க.”

போனேன். பேசாமல் இருக்க முடியவில்லை. ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டிடம். டாக்டருக்கு என் சட்டை வயதுகூட இருக்காது.

“மறதி வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடியே உடம்பு சொல்லிடும், பெரியவரே. நாங்க அதோட வேரைப் பார்த்து சரி பண்றோம்.”

“வேர்ல என்ன இருந்துச்சு?”

“காப்பர் கூடுதல். குடல்ல கசிவு. இனிமே இவர் பட்டறைப் பக்கமே போகக் கூடாது.”

“நான் அம்பது வருஷமா அதே காப்பர்லதான் உருள்றேன். எனக்கு ஒண்ணும் கசியலையே?”

“உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்.”

மச்சினன் என்னைப் பார்த்த பார்வையில் ஈயம் உருகும். “கொஞ்சம் வெளிய இருங்க அத்தான்” என்றான்.

முடியை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். எச்சில், மலம், ரத்தம் எல்லாம் சோதித்தார்கள். இருபத்திரண்டு பாட்டில் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கூடவே ஒரு தாள். தினம் நட, நேரத்துக்குத் தூங்கு, சிகரெட்டை விடு, சர்க்கரையைக் குறை, காய்கறி சாப்பிடு, நாலு பேரோடு பழகு. தாளில் இருந்தது நல்ல பேச்சு, இல்லை என்று சொல்லவில்லை. தெருமுனை டாக்டர் இதைத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பத்து வருடமாகச் சொல்கிறார். நாலு பேரோடு பழகு என்று எழுதிவிட்டு, அவன் பழகிய ஒரே இடத்துக்குப் போகாதே என்று சொன்ன அறிவாளிகளை என்னவென்று திட்டுவது?

மூன்று மாதம் மச்சினன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இருபத்திரண்டு பாட்டிலையும் தவறாமல் விழுங்கியவன், தெருமுனை டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை மட்டும் விட்டுவிட்டான். அக்கா போனால் இரண்டு வார்த்தை பேசுவானாம். “அப்படியே அம்மா மாதிரி உக்காந்திருக்கான்” என்று வந்து அழுதாள்.

அவன் இல்லாததால் காயிலை நானே சுற்றினேன். எனக்கு வராத வேலையா? ஒரு நாள் மதியம், எரிந்த அந்த மூன்று மோட்டாரின் பழைய சுருள்களை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினேன். அறுபத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் எழுபது, எழுபத்து மூன்று, அறுபத்தொன்பது, எழுபத்தொன்று. அன்றைக்கு ஆத்திரத்தில் பார்க்காததை இப்போது பார்த்தேன். ஒன்றில்கூடக் குறையவில்லை. எல்லாமே கூடுதல். அதை மோட்டாரின் சின்னக் குழிக்குள் அடித்துத் திணித்ததில்தான் கம்பியின் பூச்சு உரிந்து எரிந்திருக்கிறது.

எண்ணிக்கையை மறக்கிறவன் சில தடவை குறைத்து விடுவான், சில தடவை கூட்டி விடுவான். எப்போதும் கூட்டியே சுற்றுகிறவன் மறக்கவில்லை. அவனுக்கு டிக் விழவில்லை! மூன்று டிக் காதில் விழாவிட்டால் மூன்று சுற்று அதிகம் சுற்றுவான். படித்த ஒருவனுக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். டீவி சத்தம் மாடிப்படியிலேயே இடித்தது.

“எதுக்கு வந்தீங்க? மூளை இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்கவா?”

“ஆமா. அந்த டீவியை அணை. திரும்பி உக்காரு. எண்ணு.”

“உங்க பொம்மையெல்லாம் எனக்கு வேணாம்.”

“எண்ணுடா!”

அவன் முதுகுக்குப் பின்னால் இருபது சுற்றுச் சுற்றினேன். “பதினாறு” என்றான். பிறகு அவன் கையைப் பிடித்து மெஷின் கட்டையின்மேல் வைத்து, தட்டுவது கைக்குத் தெரியும்படி மறுபடி இருபது சுற்றினேன்.

“இருபது.”

“கெட்டது மூளை இல்லடா. காது.”

அவன் கட்டையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கண் நிறைந்துவிட்டது. உடனே என்மேல் பாய்ந்தான். “ஓடுற மோட்டாரை டெஸ்ட் பண்ற மேசையை என் காதுக்குப் பக்கத்துல போட்டது யாரு? தள்ளிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?”

போட்டது நான்தான்.

பெரியாஸ்பத்திரியில் காது பார்க்கும் டாக்டரம்மா இரண்டு காதுக்கும் மெஷின் எழுதினார். “காது கேக்காம விட்டா ஆளுங்க ஒதுங்கிடுவாங்க. மறதி வர்ற ஆபத்தும் கூடும். பிரஷரையும் விடக் கூடாது” என்றார். “அப்ப எங்கம்மாவுக்கு வந்தது எனக்கு வராதா?” என்று கேட்டான். “அதுக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாது. குடுக்கிறவங்களை நம்பாதீங்க. நம்ம கையில இருக்கறதைப் பண்ணலாம்” என்றார். படித்தவர்களில் இப்படியும் ஒருவர் இருக்கிறார்.

பாட்டில்கள் குப்பைக்குப் போயின. தாளை மட்டும் சுவரில் ஒட்டியிருக்கிறான். சிகரெட்டை விட்டுவிட்டான், காலையில் நடக்கிறான். பட்டறைக்குத் திரும்ப ஒரு நிபந்தனை போட்டான். “எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் அதைத் திரும்ப வாங்குங்க.”

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்கவும் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அன்று கேட்டது ஐந்து பேர். இதை அதைவிட அதிகம் பேர் படிப்பார்கள். மீட்டருக்கு மூளை கெடவில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன என் வாய்தான் கெட்டது.

அக்காவின் அழுகைக்காகத் திரும்பி வந்தான். காயில் சுற்றும் மெஷினைப் பட்டறையின் மறுகோடிக்குத் தூக்கிக்கொண்டு போனான், சோதனை மேசைக்கும் எனக்கும் எட்டாத இடத்துக்கு. முதல் மோட்டாரில் அத்தனை சுருளும் அறுபத்தெட்டு. அவன் சாப்பிடப் போனபோது எண்ணிப் பார்த்தேன்.

நான் வாயைத் திறந்தால் போதும், காதில் இருப்பதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். வேறு யார் பேசினாலும் மாட்டிக்கொள்கிறான். எதுவானாலும் நான்தான் எழுந்து போய் அவன் தோளைத் தட்ட வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது பட்டறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன்.

“நடங்க அத்தான், மூளைக்கு நல்லது” என்கிறான், திரும்பிப் பார்க்காமலே.