கூட்டமும் கும்பலும்

கும்பல் என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் சொல்லித் தந்த அன்றைக்கே அப்பா அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டார்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. அப்பா தென்காசியில் போலீஸ் ஏட்டு. சீசன் வந்தால் குற்றாலத்தில்தான் பணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் டெம்போவில் வந்து இறங்கி, விசிலடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கும்பல் பக்கம் போயிராதீங்க" என்றார் அப்பா.

"கும்பல்னா என்னப்பா?"

"கூட்டம்னா சொன்னாக் கேக்கும்ட்டி. கும்பல் கேக்காது."

பெண்கள் பகுதியில் நாங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்தில் கொட்டியது. வெள்ளம் வருகிறது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்கு ஓடினார்கள். அம்மாவின் கை நழுவி நான் விழுந்தேன். சோப்புப் பெட்டியும் துண்டுமாக அதுவரை வரிசையில் நின்ற, குடும்பத்தோடு வந்தவர்கள்தான் என் முதுகில் ஏறிப் போனார்கள்.

"ஏலே, கீழ பிள்ளை கெடக்குலே!"

அந்தச் சந்தைக்காரர்கள் கைகோத்து நின்று கூட்டத்தைத் தடுத்தார்கள். ஒருவர் என்னை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். நான் கண்ணை மூடி அலறிக்கொண்டிருந்தேன். ஓடிவந்த அப்பா என்ன நினைத்தாரோ, லத்தியால் அவர் கையில் ஓங்கி அடித்தார். அவர் என்னை விடவில்லை.

"பெறவு அடிங்கய்யா. மொதல்ல பிள்ளையப் பிடிங்க."

என்னைக் கொடுத்துவிட்டு, அடுத்தவர்களைத் தூக்க அவர் கீழே ஓடினார். எல்லோரும் கரையேறிய பிறகு அப்பா தேடியபோது டெம்போ போய்விட்டிருந்தது. எனக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. வீட்டில் அம்மாவிடம் பேசும்போது அப்பா, "அந்தப் பிள்ளைகள்" என்றே சொன்னார்.

அதற்குப் பிறகு விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் காய்கறி வாங்கவென்று அப்பா பாவூர்சத்திரம் கிளம்புவார். பைக்கில் என்னையும் ஏற்றிக்கொள்வார். தென்காசியிலேயே சந்தை இருக்க, இவ்வளவு தூரம் எதற்கு? அங்கே விலை மலிவு என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவோ காயைப் பார்க்காமல் மூட்டை தூக்குகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடப்பார்.

சில மாதம் கழித்து ஒரு நாள் அங்கே ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"வலி போயிட்டா தம்பி?"

"அது அன்னைக்கே போயிட்டுய்யா" என்று அவர் சிரித்தார். என் தலையைத் தடவினார். யாரோ தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். இருவரும் டீ குடித்தார்கள். எனக்கு ஒரு முறுக்கு கிடைத்தது.

காய்கறியே வாங்காமல் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும், அதை அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன்.