பதினோராம் நம்பர் கத்தி

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனி. அதன் கேன்டீனில் காய் நறுக்குபவள் அன்னக்கிளி. ஊர் நாங்குநேரிப் பக்கம். ஒப்பந்தக் கூலி. அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கேட் கார்டைக் கொடுத்தால்தான் கத்தி. ஷிப்ட் முடிந்து கத்தியைக் கொடுத்தால்தான் கார்டு. கார்டு இல்லாமல் கேட் திறக்காது.

அன்று சனிக்கிழமை. இரண்டரைக்குக் கம்பெனி பஸ். அதை விட்டால் கிளாம்பாக்கத்தில் ஊர் பஸ் போய்விடும். மறுநாள் மகளுக்குக் காதுகுத்து. மகளைப் பார்த்து ஐந்து மாதம்.

இரண்டு மணிக்கு ஸ்டோர் ஜன்னலில் ஸ்டோர்கீப்பர் தணிகாசலம் அவளுடைய பதினோராம் நம்பர் கத்தியைத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாம்மா, துரு பூத்துக் கீது? திங்கட்கிழமை ஆடிட்டு. இப்பிடியே வாங்க மாட்டேன்."

"காலையில நீங்க தரும்போதே இருந்துச்சுல்லா அண்ணாச்சி. முந்தின ஷிப்ட்ல ஈரத்துணியில சுத்திப் போட்டுட்டாவ."

"அண்ணாச்சின்னா துரு போயிடுமா? இந்தா கம்பி நாரு. தேய். கீறல் வுழக்கூடாது, சொல்லிட்டேன்."

கம்பி நார் கீறாமல் கொஞ்சுமா? அதை ஒதுக்கிவிட்டு, ஒரு உருளைக்கிழங்கை இரண்டாக நறுக்கினாள். வெட்டிய பக்கத்தை ஆப்பசோடாவில் தோய்த்து, கத்தியின் நீளவாக்கிலேயே மெதுவாகத் தேய்த்தாள். குறுக்கே போனால் பளபளப்பு செத்துவிடும். பழுப்பு நுரை வந்தது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவினாள். மணி இரண்டேகால்.

தணிகாசலம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு கோடு இல்லை.

"மூஞ்சி தெரியுதும்மா!" உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்தான். பன்னிரண்டு கத்தி, அத்தனையும் துரு. "இதையும் முடிச்சிடு. வேற எவ கை வச்சாலும் கீறிடுவா."

"பஸ்ஸு போயிரும். பிள்ளைக்கு நாளைக்குக் காதுகுத்து. கார்டத் தாங்க."

"தட்டக் குடு, கார்ட வாங்கிக்க."

வேலை சுத்தமாகச் செய்ததற்குக் கிடைத்த பரிசு அது.

வெளியே ஹாரன் அடித்தது. அன்னக்கிளி மேலே கிடந்த கத்தியை எடுத்தாள். கம்பி நாரையும் எடுத்தாள். குறுக்கே நாலு இழுப்பு.

"ஐயையோ! இன்னாடி பண்ற?"

"நீங்க குடுத்த நாருதான் அண்ணாச்சி. பஸ்ஸு நெனப்புல கை நடுங்குது. அடுத்ததத் தேய்க்கட்டா?"

"தொடாத! கார்ட எடுத்துகினு வெளிய போ! திங்கட்கிழமை காண்ட்ராக்டரு பேசுவாரு உங்கிட்ட!"

ஓடினாள். நகர்ந்துவிட்ட பஸ்ஸைத் தட்டி நிறுத்தி ஏறினாள். திங்கட்கிழமை அந்தக் கார்டுக்குக் கேட் திறக்குமா, தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த பழுப்புச் சோடாவைத் துடைத்தாள். மகளுக்குப் பூ வாங்க வேண்டும்.