பழனிசாமி சொல்லாமல் போன வலி

மிளகு மூட்டைகளோடு மலையடிவாரக் குப்பனூரில் ஜீப்பை நிறுத்தியிருந்தபோது செல்வியின் போன் வந்தது. "அண்ணா, அவரு போயிட்டாருங்க" என்றாள். அன்று காலைதான் அவள் வீட்டுக்காரன் பழனிசாமியை நாகலூரில் பார்த்து, "ஏன்டா மூஞ்சி வெளுத்திருக்குது?" என்று கேட்டிருந்தேன். "ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றான். காலையிலிருந்தே நெஞ்சு வலித்திருக்கும் என்றார் டாக்டர். மதியம் வரை வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவன், அடுப்படியில் இருந்த செல்வியிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

இரங்கல் எழுத எனக்கு என்ன தகுதி? பத்தாவதை இரண்டு முறை எழுதியவன். இரண்டாம் முறை மார்க் இன்னும் குறைந்தது. ஆனால் அவனைத் தெரிந்த நீங்கள் சாவு வீட்டில் பேசியதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "அப்பங்கிட்ட அடி வாங்கி வளந்தவன், கெட்டியான ஆளு" என்றீர்கள். கெட்டியாம்!

எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஒருவர் ஏணியில் ஏறினால் இன்னொருவர் கீழே பிடித்துக்கொள்வார். பழனிசாமி யாரையும் பிடிக்க விடமாட்டான். ஏணியை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான் ஏறுவான். ஒருமுறை நான் பிடிக்கப் போனேன். என் தொப்பையைப் பார்த்துச் சிரித்தான். "நீங்க புடிச்சா ஏணி அசையாதுங்கண்ணா. எனக்குத்தான் காலு நடுங்கும்." பிறகுதான் சொன்னான். சிறுவனாக இருந்தபோது மிளகைச் சிந்திவிட்டான் என்று அவன் மரத்தில் இருக்கும்போதே அவன் அப்பா ஏணியை எடுத்துவிட்டாராம். அழுதால் கீழிருந்து கல் வருமாம். பொழுது சாயும்வரை மரத்தைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

கல்யாணத்துக்குப் பிறகும் யாரையும் நம்பவில்லை. வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பான். "நான் என்னங்கக்கா தப்பு செஞ்சேன்?" என்று செல்வி என் மனைவியிடம் அழுவாள். மகளை அவன் அடித்ததே இல்லை, தூக்கியதும் இல்லை. "எங்கப்பன் கை எனக்கும் வந்துருமோன்னு நொம்ப பயமுங்க" என்றான். என் பெண்கள் இரண்டு பேரும் என் முதுகில் ஏறி மிதித்தே வளர்ந்தவர்கள். இன்றுவரை எனக்கு இடுப்பு சரியில்லை. அந்த இடுப்புவலிகூடக் கிடைக்காமல் ஒருவன் அப்பாவாக இருந்துவிட்டுப் போனான் என்றால் எரிச்சல் வராதா?

செல்வி பிள்ளையோடு தாய்வீட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் என்னோடு சேலம் வந்து டாக்டரைப் பார்க்க ஒப்புக்கொண்டான். "சின்ன வயசுல பட்ட அடி அப்பவே முடிஞ்சுடறதில்ல," என்றார் மனநல டாக்டரம்மா. "சிலருக்குப் பின்னாடி மனச்சோர்வா வரும். நெருங்கி வர்றவங்களையே நம்ப முடியாது. இது உங்க தப்பில்ல. சரி பண்ணலாம்." மாத்திரை கொடுத்து, தொடர்ந்து வந்து பேசச் சொன்னார்.

சில மாதம் போனான். முகம் தெளிந்தது. செல்வியும் தாய்வீட்டுக்குப் போகாமல் அவனோடே தங்கிவிட்டாள். அப்போது டீக்கடையில் ஒருவர், பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும், "ஏன் சாமி, மறை கழண்டுருச்சா? அப்பன் ரெண்டு போட்டதுக்கெல்லாமா வைத்தியம்?" என்றார். கடையே சிரித்தது. அடுத்த முறை ஜீப்போடு போய் நின்றேன். "நல்லாயிட்டேனுங்கண்ணா" என்றான். கெஞ்சினேன், திட்டினேன். ஏறவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் ஸ்டீயரிங்கைக் குத்தத் தோன்றுகிறது.

சாவு வீட்டில் அவன் மகள் என்னிடம் கேட்டாள்: "பெரியப்பா, அப்பாவுக்கு என்னையப் புடிக்காதுங்களா?"

அவனிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. சேலம் போய்வந்த நாட்களில் ஒருநாள் ஜீப்பில் ஏறியதும் பரிசு விழுந்தவன் மாதிரி சொன்னான்: "நேத்து செல்விகிட்ட கால் வலிக்குதுன்னு சொன்னேனுங்கண்ணா. தைலத்த எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டா!" நாற்பதைத் தாண்டியவன். வலிக்கிறது என்று சொன்னால் ஆள் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தான்.

அதைத்தான் அந்தப் பிள்ளையிடம் சொல்லப் போகிறேன். உங்கப்பா பழகிக்கிட்டிருந்தாரு கண்ணு. அடுத்தது உங்கிட்டத்தான் வந்திருப்பாரு. நாங்கதான் சிரிச்சே நிறுத்திப்புட்டோம்.