வீட்டுக்காரர் கையைப் பிடிக்கும் வேலை

1. வாசலில் கழற்றிய செருப்பு

நான் போன முதல் தீயில், செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே ஓடினேன்.

தலைக்கு மேல் கூரை எரிகிறது. கையில் தண்ணீர் வாளி. பௌதிகத்தில் பி.எஸ்சி. முடித்து, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு, டுட்டோரியல் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு பொருள் எரிய என்னென்ன வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அடுத்தவர் வீட்டு வாசற்படியைப் பார்த்ததும் கால் தானாக நின்றது, செருப்பை உதறியது. உள்ளே விழுந்து கிடந்த மூங்கில் தணலை மிதித்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

"டேய், விருந்துக்கா வந்துகீற? செருப்பக் கழட்டி வெச்சுட்டு வர!" என்று கத்தினான் சேகர். சைக்கிள் கடை வைத்திருந்தவன். எங்கள் தீயணைப்புத் தொண்டர் குழுவில் தண்ணீர்க் குழாயின் முனையைப் பிடிப்பவன் அவன்தான்.

நொண்டிக்கொண்டு வெளியே வந்த என்னைப் பார்த்து காதர் பாய் சிரித்தார். இலவம்பஞ்சு மெத்தைக் கடைக்காரர், அவரும் எங்கள் குழுதான். "வுடுடா சேகரு. நீ மொத நாளு இன்னா பண்ணே? எரியற வூட்டுக் கதவத் தட்டிட்டு நின்னே. யாராவது வந்து தொறப்பாங்கன்னு."

அன்றிலிருந்து குழுவில் என் பெயர் 'பி.எஸ்சி.' ஆயிற்று. வீட்டில் வைத்த பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

புதிதாகச் சேருகிற தம்பிகளுக்கு இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தீயைப் பற்றி யாரும் கற்றுக்கொடுத்துவிடலாம். அடுத்தவர் வீட்டுக்குள் எப்படிப் போவது என்பதுதான் கஷ்டம். பூஜை அறைக்குள்ளும் ஷூ காலோடுதான் போக வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒருவர் போய், "கால் வெச்சு உள்ள வந்துட்டோம், மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது. திருவண்ணாமலையில் எங்கள் தொண்டர் குழு தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் வழக்கம் இது.

2. பம்ப், பிராஞ்ச், கைப்பிடி

எங்களிடம் இருந்தது ஒரு பழைய டிரெய்லர் பம்ப். தள்ளிக்கொண்டு போய், பக்கத்துக் கிணற்றில் உறிஞ்சுகுழாயை இறக்கி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் லீடர் மாணிக்கம். சினிமா கொட்டகையில் ஆபரேட்டர். அவர் இழுத்தால் மட்டும்தான் அது ஸ்டார்ட் ஆகும். நாங்கள் இழுத்தால் இருமும்.

தீயணைப்பு நிலையத்து வண்டி வருவதற்குள் முதல் வேலையைத் தொடங்கிவைப்பது எங்கள் பொறுப்பு. வண்டி வந்ததும் ஒதுங்கிக்கொண்டு, அவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டும். 'நாங்கதான் மொதல்ல வந்தோம்' என்ற பேச்சு கூடாது.

குழாய் முனையில் இருக்கும் பித்தளை மூக்குக்கு பிராஞ்ச் என்று பெயர். அதைப் பிடிப்பவனிடம் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பவன் மட்டும்தான் பேசலாம். நாலு பேர் நாலு திசை காட்டினால் தண்ணீர் தெருவுக்குத்தான் போகும்.

இவை தவிர இன்னொரு வேலை உண்டு. வீட்டுக்காரர் கையைப் பிடிப்பது. நாங்கள் சுருக்கமாக 'கைப்பிடி' என்போம். வீடு எரிகிறவர் எப்படியும் உள்ளே ஓடப் பார்ப்பார். பீரோ என்பார், ஆடு என்பார், மாமியார் போட்டோ என்பார். ஒருவர் அவர் கையைப் பிடித்துத் தள்ளி உட்கார வைத்து, கடைசி வரை விடாமல் கூடவே இருக்க வேண்டும். அவர் சொல்வதைப் பிராஞ்ச் பிடிப்பவனிடம் கொண்டுபோகக் கூடாது. தன் வீட்டுக்குத்தான் முதல் தண்ணீர் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் தப்பும் இல்லை. ஆனால் தீயைப் பார்த்துத் தண்ணீர் அடிக்க வேண்டும், அழுகையைப் பார்த்து அல்ல. இந்த விதியைச் சொன்னவர் காதர் பாய்தான்.

கைப்பிடியில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. "உக்காரும்மா. நான் கீறன்ல. எங்கியும் போவ மாட்டேன்" என்பார். அவ்வளவுதான். திமிறிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார். வேறு யாருக்கும் அந்த வேலையில் ஆசை கிடையாது. அவர் கையில் வேறு வேலை இருந்தால் கடைசியாகச் சேர்ந்தவன் தலையில் கட்டிவிடுவோம். பாதி நாள் அந்தத் தலை என்னுடையது. எனக்கோ பிராஞ்ச் பிடிக்க வேண்டும் என்று கை பரபரக்கும். "லீடர், எனக்கு எப்ப பிராஞ்ச்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "மொதல்ல கையப் புடி. அப்புறம் பித்தளையப் புடிக்கலாம்" என்பார் மாணிக்கம்.

3. பஞ்சுக்குத் தண்ணீர்

பங்குனி வெயில். இலவங்காய் வெடிக்கும் காலம். காதர் பாய் ஒரு வருஷத்துக்கான பஞ்சை அப்போதுதான் வாங்கி மூட்டை மூட்டையாக அடுக்குவார். கார்த்திகை தீபத்துக்கு லாட்ஜ்காரர்கள் கேட்கும் மெத்தை, ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் கேட்கும் சின்னச் சின்னத் திண்டு, கல்யாண ஆர்டர் எல்லாமே அந்தப் பஞ்சுதான்.

மத்தியானம் டுட்டோரியலில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "சார், பாய் கடை!" என்றான். சாக்பீஸோடு ஓடினேன்.

பஞ்சு அடிக்கும் மெஷினின் மோட்டாரிலிருந்து பொறி பறந்திருக்கிறது. நான் போகும்போது கடையின் முன்பக்கம் முழுக்கப் பிடித்துவிட்டது. நிலையத்து வண்டி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வைக்கோல் போர் ஒன்றுக்குப் போயிருந்தது. தகவல் சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். மாணிக்கம் தெருக்கோடிக் கிணற்றில் பம்பை இறக்கிவிட்டார். கோடைக் கிணறு. தண்ணீர் ரொம்பக் கம்மி. பம்ப் சத்தத்தில் அவருக்கு நாங்கள் கத்துவதும் கேட்காது.

பிராஞ்ச் சேகர் கையில். அவனுக்குப் பின்னால் நிற்கவும் ஒருவர் போய்விட்டார். மிச்சம் இருந்தது கைப்பிடி. அன்றைக்கு வீட்டுக்காரர் காதர் பாய்.

அவர் கையைப் போய் எப்படிப் பிடிப்பது? எத்தனை பேர் கையைப் பிடித்தவர். ஒரு கணம் தயங்கினேன். அவரே கையை நீட்டினார்.

"புடிடா பி.எஸ்சி. இல்லன்னா நான் உள்ள போயிடுவேன்."

பிடித்துக்கொண்டேன். எதிர் நடைபாதையில் உட்கார வைத்தேன். அவர் சொல்லும் அந்த வார்த்தைகளைச் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை.

சேகர் தண்ணீரை எல்லாம் கடைக்குள் அடித்துக்கொண்டிருந்தான். தண்ணீரோடு தானும் உள்ளே போய்விடுவான் போல முன்னேறினான். எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் கடை வாசலில்தான் இருந்தார்கள். நம்ம பாய் கடை. வேறு எங்கே நிற்பார்கள்?

இலவம்பஞ்சு தண்ணீர் குடிக்காது. ஊற்றினால் மேலே உருண்டு ஓடிவிடும். மூட்டைக்குள் போன கங்கு உள்ளுக்குள்ளேயே நகர்ந்துகொண்டிருக்கும். பிரித்துப் போட்டால்தான் அணையும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், சேகருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அடித்தான்.

அப்போது காற்று திரும்பியது. கடையின் பின்சுவரை ஒட்டி வரிசையாகக் கூரை வீடுகள். எரியும் பஞ்சுத் துணுக்குகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் மிதந்து போகத் தொடங்கின.

பாய்தான் முதலில் பார்த்தார். "பி.எஸ்சி., பின்னால பாரு. சேகர அந்தப் பக்கம் திருப்பச் சொல்லு."

நான் அசையவில்லை. வீட்டுக்காரர் பேச்சைக் கொண்டுபோகக் கூடாது. விதி இவருடையதுதான்.

"இன்னாடா மொறைக்கிற? கடைய வுட்டுடச் சொல்லு. கெணத்துல தண்ணி கம்மி. ரெண்டுத்துக்கும் பத்தாது."

"பாய், உங்க கடை..."

"என் கடை போச்சுடா!" எழுந்து நின்றுவிட்டார். தண்ணீரும் தீயும் இரைந்த கடை வாசலுக்கு மட்டும்தான் அந்தக் குரல் கேட்டிருக்காது. "பஞ்சுக்குத் தண்ணி ஊத்துறானே, பைத்தியக்காரன்! அந்தக் கூரைங்களுக்குள்ள புள்ளைங்க தூங்குது, போடா!"

அவரை விட்டுவிட்டு ஓடினால் அவர் கடைக்குள் போய்விடுவாரோ என்று பயம். அதனால் கையை விடாமல் அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு, குழாய்களைத் தாண்டி, சேகர் பக்கத்தில் போய் நின்றோம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

"சேகர், திருப்பு! பின்பக்கம் கூரை!"

சேகர் திரும்பாமலே கேட்டான். "யாரு சொன்னது? பாயா? வூட்டுக்காரர் பேச்சக் கேக்கக் கூடாதுன்னு அவர்தானே சொன்னாரு? கேக்க மாட்டேன், போ!" அவன் அழுதுகொண்டிருந்தான். புகையால் என்று பிறகு சொன்னான்.

பாய் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "பாய் சொல்லல. நான் சொல்றேன். திருப்பு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பாய் சொன்னதாகச் சொன்னால், நண்பனின் கடையைக் காப்பாற்றுவதற்காக நண்பனின் பேச்சையே சேகர் மீறுவான். நான் சொன்னதாக இருந்தால் அவன் என்னைத் திட்டிக்கொள்ளலாம், வேலை நடக்கும். அவ்வளவு கணக்கு அந்த நேரத்தில் போட்டேனா என்றால் இல்லை. வாயில் வந்தது.

சேகர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி என்னைத் திட்டினான். பிறகு பிராஞ்சைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகப் பின்பக்கம் ஓடினான். கூரைகளை நனைத்தோம். ஒன்றில் ஓலை நுனி பிடித்தது, அதையும் அடித்து அணைத்தோம். நிலையத்து வண்டி வந்து சேர்ந்தபோது எங்கள் கிணற்றில் சேறுதான் வந்துகொண்டிருந்தது. பின் வரிசையில் ஒரு வீடும் எரியவில்லை. முன்னால் காதர் பாயின் கடை இடிந்து விழுந்திருந்தது.

4. மொட்டை மாடியில் பஞ்சு

அடியில் கிடந்த சில மூட்டைகள் தப்பித்தன. மேலே கருகி, உள்ளே வெள்ளையாக இருந்தது. அவற்றைப் பிரித்து, கங்கு இல்லை என்று கைவிட்டுப் பார்த்து, பாய் வீட்டு மொட்டை மாடியில் பரப்பிப் புகை வாசனை போக வெயிலில் ஆற்றினோம். காற்றில் பறக்காமலிருக்க மேலே கொசுவலையும் பழைய புடவைகளும் கட்டினோம். அப்படியும் பறந்தது. தெரு முழுக்கத் தும்மல். பின் வரிசை வீட்டுப் பெண்கள் வந்து எரிந்ததையும் நல்லதையும் பிரித்துக் கொடுத்தார்கள். சேகர் புருவமெல்லாம் வெள்ளையாகி, நாடகத்தில் கிழவன் வேஷம் கட்டியவன் மாதிரி இருந்தான். என்னோடு மட்டும் பேசவில்லை.

தெருவில் பேச்சு வேறு மாதிரி போயிருந்தது. 'அந்த டுட்டோரியல் பையன்தான் தண்ணிய வேற பக்கம் திருப்பச் சொன்னானாம். கூட்டாளிங்களே கடைய எரிய வுட்டுட்டாங்க.' பாயின் மனைவி ஜமீலாக்காவின் அண்ணன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீ அணைந்த பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துப் பேசக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம். அதனால் நானும் பேசவில்லை. பாயும் பேசவில்லை. தலையைக் குனிந்து பஞ்சைக் கிளறிக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொல்கிறேன், அவர் பேசாதது எனக்கு வலித்தது.

ஒரு நாள் மாடிக்கு டீ கொண்டுவந்த ஜமீலாக்கா, டம்ளரை என் கையில் கொடுக்காமல் நின்றார்.

"தம்பி, நீதானே தண்ணியத் திருப்பச் சொன்னது?"

சேகர் நிமிர்ந்து பார்த்தான். பாய் நிமிரவில்லை.

"ஆமாங்கக்கா," என்றேன்.

"எங்க பொழப்பே அதுலதான்னு தெரியாதா உனக்கு?"

"தெரியுங்கக்கா."

கொசுவலைக்கு அடியில் பஞ்சு அசைந்துகொண்டிருந்தது. பாய் கையிலிருந்ததைக் கீழே போட்டார்.

"அவன ஏன் கேக்குற? நான்தான் திருப்பச் சொன்னேன். அவன் பேரப் போட்டுக்கிட்டான்."

ஜமீலாக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாதா? நீங்க கத்துனது பள்ளிவாசல் வரைக்கும் கேட்டுச்சு. எத்தன நாளு இந்தப் புள்ளையத் திட்டு வாங்க வெச்சுட்டு உக்காந்திருப்பீங்கன்னு பாத்துட்டிருந்தேன்." டம்ளரை என் கையில் திணித்தார். "குடி. பஞ்சு வுழறதுக்குள்ள குடி."

"உன் அண்ணங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." என்று இழுத்தார் பாய்.

"நான் சொல்லிக்கிறேன். அந்தக் கூரைங்க எரிஞ்சிருந்தா நாம இந்தத் தெருவுல கடை வெச்சிருக்க முடியுமான்னு கேக்கறேன். அவரு பதில் சொல்லட்டும்."

சேகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்படின்னா நான் உன்ன அன்னிக்குத் திட்டுனது?" என்றான்.

"அது இருக்கட்டும்."

"இல்ல, பாதியத் திருப்பி எடுத்துக்கறேன். பாதி உனக்கே. எங்கிட்ட பொய் சொன்னதுக்கு."

மிஞ்சிய பஞ்சில் பாய் முதலில் திண்டுதான் தைத்தார். கடை மறுபடி எழ நாளாயிற்று. இப்போதும் தீ என்றால் வந்துவிடுகிறார்.

குழுவில் நாங்கள் ஒன்றை மாற்றினோம். வீட்டுக்காரர் பேச்சைக் கேட்கக் கூடாது என்ற விதியை எடுத்துவிடவில்லை. பத்தில் ஒன்பது தடவை அதுதான் சரி. ஆனால் அந்தப் பத்தாவது தடவையைக் கண்டுபிடிக்கிறவன் யார்? அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான். அவர் பயத்தில் சொல்கிறாரா, பார்த்துவிட்டுச் சொல்கிறாரா என்பது கையைப் பிடித்திருப்பவனுக்குத்தான் தெரியும். தெரிந்தால் தன் பெயரில் சொல்ல வேண்டும். பழி வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலையை, குழுவில் சேர்ந்து ஒரு மாதம் ஆனவன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஆகவே பிராஞ்ச் வேண்டும் என்று துடித்துக்கொண்டு வருகிற தம்பிகளே, தாராளமாக வாருங்கள். பின்னால் ஆள் நிறுத்தி, வந்த வாரமே கொடுத்துவிடுகிறோம். கைப்பிடிக்குத்தான் நீங்கள் சில வருஷம் காத்திருக்க வேண்டும்.